விடை தப்பியது எந்த வரியில்? இயற்கணிதக் கணக்கில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கணக்கு தப்பினால் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: மொத்தத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடுவது. கை அதே கை, பழக்கம் அதே பழக்கம். தப்பிய இடத்திலேயே மறுபடியும் தப்பும். தென்னந்தோப்பில் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால் எலக்ட்ரீஷியன் வந்ததும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. மெயின், ஃபியூஸ், ஸ்டார்ட்டர் என்று வரிசையாக டெஸ்டர் வைத்துப் பார்க்கிறார். கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு. இயற்கணிதத்திலும் ஒரு டெஸ்டர் உண்டு. அதன் பெயர் பிரதியிடல்: x இருக்கும் இடத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பது.

இது 8 முதல் 10 வரை படிப்பவர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கும். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கங்களில், தமிழ் வழியில் படித்துவிட்டு மலையாளத்தில் டியூஷன் கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சில குழப்பங்களும் இதில் உண்டு.

முதலில் டெஸ்டர்

சமன்பாடு என்றால், கிடைத்த விடையைக் கடைசி வரியில் போட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுங்கள். தப்பான விடை கூட கீழ் வரிகளில் பொருந்தும். எந்த வரியில் பொருந்தாமல் போகிறதோ, அந்த வரிக்கும் அதன் கீழ் வரிக்கும் இடையில்தான் பிழை. ஒரு பிள்ளையின் நோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

3(x − 4) − 2(x − 5) = 7
3x − 12 − 2x − 10 = 7
x − 22 = 7
x = 29

மூன்றாம் வரியில் 29 − 22 = 7, சரி. இரண்டாம் வரியில் 87 − 12 − 58 − 10 = 7, அதுவும் சரி. முதல் வரியில் 3 × 25 − 2 × 24 = 75 − 48 = 27. வேண்டியது 7. ஆக, கோளாறு முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு இறங்கும்போது நடந்திருக்கிறது.

இதோடு நிறுத்தாமல் வித்தியாசத்தையும் பாருங்கள். 27 − 7 = 20. குறி மாறிப் போன உறுப்பு எதுவோ, அதன் இரு மடங்குதான் வித்தியாசமாக வரும், ஏனென்றால் கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறோம். 20-இல் பாதி 10. இரண்டாம் வரியில் 10 எங்கே? கடைசியில், மைனஸோடு நிற்கிறது. −2 × −5 என்பது +10. சரியாகப் போட்டால் x − 2 = 7, x = 9.

சமன்பாடு இல்லாமல் வெறும் கோவையைச் சுருக்கும் கணக்கு என்றால் விடை என்று ஓர் எண் இருக்காது. நீங்களே ஓர் எண்ணை எடுத்து முதல் வரியிலும் கடைசி வரியிலும் போட வேண்டும். 0, 1, 2 மூன்றும் வேண்டாம். 0 போட்டால் x உள்ள உறுப்பெல்லாம் காணாமல் போய்விடும். 1 போட்டால் x-உம் x²-உம் ஒன்றே. 2 போட்டால் 2 + 2-உம் 2 × 2-உம் 2²-உம் நான்குதான், பிழை ஒளிந்துகொள்ளும். 10 போடுங்கள். பெருக்கலும் எளிது, வித்தியாசத்தைப் படிப்பதும் எளிது. (x + 3)² = x² + 9 என்று எழுதியிருந்தால், இடப்பக்கம் 169, வலப்பக்கம் 109. விட்டுப்போனது 60, அதாவது 6x. நடு உறுப்பு 2ab எழுதப்படவில்லை என்று வித்தியாசமே சொல்லிவிடுகிறது. இரண்டு மாறிகள் இருந்தால் ஒன்றுக்கு 10, மற்றொன்றுக்கு 3.

அறிகுறி: பின்னம் உள்ள சமன்பாட்டில் விடை தப்புகிறது

பிழைகள் கூட்டமாக வரும் இடம் இது. ஒரே கணக்கில் மூன்று விதமாகத் தப்பலாம், மூன்றுக்கும் மூன்று விடை:

(x + 1)/2 − (x − 3)/3 = 2

பகுதிகள் 2, 3. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) 6. எல்லா உறுப்பையும் 6-ஆல் பெருக்கினால் 3(x + 1) − 2(x − 3) = 12. விரித்தால் 3x + 3 − 2x + 6 = 12, x = 3. போட்டுப் பாருங்கள்: 4/2 − 0/3 = 2.

−7 வந்திருந்தால், வலப்பக்கத்து 2-ஐ 6-ஆல் பெருக்காமல் விட்டிருக்கிறீர்கள். பின்னமாக இல்லாததால் அது கண்ணில் படவில்லை. 2-ஐ 2/1 என்று எழுதிக்கொண்டால் இந்தப் பிழை வராது.

15 வந்திருந்தால், இரண்டாவது பின்னத்தின் முன்னால் இருந்த மைனஸ் x-ஐ மட்டும் தொட்டிருக்கிறது, −3-ஐத் தொடவில்லை.

14 வந்திருந்தால், அடைப்புக்குறியே போடவில்லை. 3x + 1 − 2x − 3 என்று எழுதியிருப்பீர்கள். பின்னக் கோடு என்பதே ஓர் அடைப்புக்குறிதான். கோட்டை எடுக்கும் அந்த நொடியில் தொகுதியைச் சுற்றி அடைப்பு போட்டாக வேண்டும். பெருக்குவது அதற்கு அடுத்த வரியில். இரண்டையும் ஒரே வரியில் செய்து மிச்சப்படுத்துவது ஒரு வரி, இழப்பது முழு மதிப்பெண்.

எல்லைப் பக்கத்துக் குழப்பம் ஒன்றும் இங்கேதான் வரும். தமிழ்ப் புத்தகத்தில் பின்னத்தின் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. மலையாளத்தில் பகுதி என்றால் பாதி. 'பகுதியால் பெருக்கு' என்று புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் காட்டினால், மலையாளம் மட்டும் தெரிந்த டியூஷன் சேட்டன் அரையால் பெருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. அவர்கள் கீழே இருப்பதை சேதம் என்பார்கள், மேலே இருப்பதை அம்சம். நம் காதில் சேதம் என்றால் மழையில் போன வாழைதான். நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு சொல்லை எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீரும்: பகுதி – சேதம், தொகுதி – அம்சம், சமன்பாடு – சமவாக்யம், காரணி – கடகம்.

அறிகுறி: வெட்டிச் சுருக்கிய பிறகு விடை பொருந்தவில்லை

(x² − 9)/(x² + 3x). மேலும் கீழும் x² இருக்கிறதே என்று அடித்துவிட்டு −9/3x, அதாவது −3/x என்று முடிப்பார்கள். x = 10 போடுங்கள். உண்மையில் 91/130 = 0.7. எழுதியது −0.3.

வெட்டலாமா கூடாதா என்பதற்கு ஒரே கேள்வி: வெட்டப் போவது முழுத் தொகுதியையும் முழுப் பகுதியையும் பெருக்கிக்கொண்டு நிற்கிறதா? கூட்டலிலோ கழித்தலிலோ நிற்கிறது என்றால் கை வைக்கக் கூடாது. காரணிப்படுத்தினால் (x − 3)(x + 3) / x(x + 3). இப்போது (x + 3) இரண்டு பக்கமும் பெருக்கலில் நிற்கிறது. வெட்டினால் (x − 3)/x. x = 10-க்கு 0.7.

அறிகுறி: இரண்டு சமன்பாட்டில் ஒன்றில் பொருந்துகிறது, மற்றொன்றில் பொருந்தவில்லை

5x + 3y = 21
5x − 2y = 11

கழித்து y = 10 என்று எடுத்து, முதல் சமன்பாட்டில் போட்டு x = −9/5 என்று முடித்திருந்தால், சரிபார்க்கும்போது முதல் சமன்பாடு பளிச்சென்று பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? x-ஐ எடுத்ததே அதிலிருந்துதானே. ஆகவே, எந்தச் சமன்பாட்டில் போட்டு இரண்டாவது மாறியைக் கண்டுபிடித்தீர்களோ, அதில் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல. மற்றதில் போடுங்கள்: −9 − 20 = −29. 11 எங்கே, −29 எங்கே.

காரணம் 3y-இலிருந்து −2y-ஐக் கழித்ததில். 3y − (−2y) = 5y. கழித்தல் என்று மனதில் வைத்துக்கொண்டு செய்யாமல், இரண்டாவது சமன்பாட்டின் எல்லாக் குறியையும் மாற்றி, −5x + 2y = −11 என்று கீழே மறுபடி எழுதிக் கூட்டுங்கள். 5y = 10, y = 2, x = 3. 'எல்லாக் குறியையும்' என்பதில் வலப்பக்கத்து எண்ணும் சேர்த்தி.

அறிகுறி: x காணாமல் போய்விட்டது

6 = 5 என்றோ 0 = 0 என்றோ வந்து நிற்கும். பதறி x = 0 என்று எழுத வேண்டாம், அது தப்பு. டெஸ்டர் வைத்தும் பிழை கிடைக்கவில்லை என்றால், கணக்கே அப்படிப்பட்டது. 2(x + 3) = 2x + 5 என்பதற்கு எந்த எண்ணும் பொருந்தாது, தீர்வு இல்லை. 2(x + 3) = 2x + 6 என்பதற்கு எல்லா எண்ணும் பொருந்தும், அது முற்றொருமை. 2 டீ, 3 வடை 60 ரூபாய்; 4 டீ, 6 வடை 120 ரூபாய் என்று இரண்டு சமன்பாடு கொடுத்தால் டீ விலை கிடைக்காது. கொடுத்தது ஒரே தகவல், இரண்டு முறை.

அறிகுறி: இருபடிச் சமன்பாட்டில் ஒரு மூலம் தான் கிடைக்கிறது, அல்லது ஒன்று பொருந்தி ஒன்று பொருந்தவில்லை

x² = 5x என்றதும் இரு பக்கத்தையும் x-ஆல் வகுத்து x = 5 என்று முடித்தால், x = 0 என்ற மூலம் வகுத்தலோடு போய்விட்டது. x பூச்சியமாக இருக்கலாம் என்ற வாய்ப்பு உள்ளவரை x-ஆல் வகுக்கக் கூடாது. x² − 5x = 0, x(x − 5) = 0 என்று போங்கள். x² = 49-இல் −7-ஐ விடுவதும் இதே ஜாதிப் பிழை.

கொஞ்சம் ஏமாற்றுக்காரக் கணக்கு இது:

(x − 2)(x + 3) = 6

x − 2 = 6 அல்லது x + 3 = 6 என்று பிரித்து 8, 3 என்று எழுதுவார்கள். 3-ஐப் போட்டால் 1 × 6 = 6, பொருந்துகிறது! 8-ஐப் போட்டால் 6 × 11 = 66. ஒன்று பொருந்தியதைப் பார்த்து வழிமுறை சரி என்று நம்பிவிடக் கூடாது. 3 வந்தது தற்செயல். பெருக்கற்பலன் 0 என்றால் மட்டுமே ஏதாவது ஒரு காரணி 0 ஆக வேண்டும் என்று சொல்ல முடியும். பலன் 6 என்றால் 2 × 3, 12 × ½, −1 × −6 என்று எத்தனையோ வழி. விரித்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: x² + x − 12 = 0, (x + 4)(x − 3) = 0. மூலங்கள் −4, 3.

அறிகுறி: நடு உறுப்பைப் பிரித்த பிறகு இரண்டு அடைப்பும் ஒன்றாக வரவில்லை

3x² − 10x + 8. பெருக்கினால் 24, கூட்டினால் −10 வர வேண்டும்: −6, −4.

3x² − 6x − 4x + 8 = 3x(x − 2) − 4(x + 2)

அடைப்புகள் ஒத்துவரவில்லை. பெரும்பாலும் ஜோடி எண் சரியாகவே இருக்கும்; மைனஸை வெளியே எடுக்கும்போது உள்ளே குறியை மாற்றவில்லை, அவ்வளவுதான். −4 × −2 = +8 ஆக வேண்டும், ஆகவே −4(x − 2). விடை (x − 2)(3x − 4). இரண்டாவது ஜோடியில் பொதுவாக எதுவுமே இல்லை என்றால் 1 பொதுவாக இருக்கிறது. 6x² − 9x + 2x − 3 = 3x(2x − 3) + 1(2x − 3). அந்த 1-ஐ எழுதாத பிள்ளை கடைசியில் (2x − 3)(3x) என்று முடிக்கும்.

ஜோடி எண்ணே கிடைக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் தேடாதீர்கள். ax² + bx + c என்ற வடிவத்தில் வைத்து b² − 4ac போடுங்கள். கெழுக்கள் முழு எண்களாக இருந்து, இது முழு வர்க்கமாக வராவிட்டால், ஜோடி கிடைக்கவே கிடைக்காது. 2x² + 5x − 4 = 0-க்கு 25 + 32 = 57. முழு வர்க்கம் இல்லை. x = (−b ± √(b² − 4ac))/2a என்ற சூத்திரத்துக்குப் போகலாம்.

அறிகுறி: சூத்திரத்தில் போட்டால் 'மெய் மூலம் இல்லை' என்று வருகிறது

a-உம் c-உம் வேறு வேறு குறியில் இருந்தால் இது வரவே முடியாது. 2x² − 3x − 4 = 0-இல் 9 − 32 = −23 என்று எழுதியிருந்தால், c-யின் மைனஸைச் சேர்க்கவில்லை. −4 × 2 × −4 = +32, ஆக 41. b² ஒருபோதும் மைனஸ் ஆகாது. (−3)² என்று அடைப்போடு எழுதுங்கள். −3² என்று எழுதினால் உங்கள் கண்ணும் ஏமாறும், கால்குலேட்டரும் −9 காட்டும். இன்னொன்று: பின்னக் கோடு −b-யில் தொடங்க வேண்டும். வர்க்கமூலத்தின் கீழே மட்டும் கோடு போட்டு 2a எழுதுபவர்களுக்கு இரண்டு விடையுமே தப்பும்.

வர்க்கப் பூர்த்தி முறையில் பின்னம் பின்னமாக வந்து கை தடுமாறுகிறதா? பழைய வழி ஒன்று இருக்கிறது. ஸ்ரீதரர் என்ற பழைய இந்தியக் கணித அறிஞருடையது. அவருடைய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி பிழைத்தது. முதலிலேயே 4a-ஆல் பெருக்கிவிடுவது. 2x² + 5x = 4-ஐ 8-ஆல் பெருக்க, 16x² + 40x = 32. இரு பக்கமும் b² = 25-ஐக் கூட்ட, (4x + 5)² = 57. x = (−5 ± √57)/4. கடைசி வரி வரை ஒரு பின்னமும் கிடையாது. தேர்வில் இதை எழுதினால் 4a-ஆல் பெருக்கிய வரியை விடாமல் காட்டுங்கள்.

அறிகுறி: சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தும் வாக்கியக் கணக்கு தப்புகிறது

பிழை கணக்கில் இல்லை, வாசிப்பில். தமிழில் இதற்கு நல்ல பிடி ஒன்று உண்டு: வேற்றுமை உருபு. எண்ணின் வாலில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்.

'ஓர் எண்ணிலிருந்து 12-ஐக் கழிக்க' என்றால் x − 12. '12-இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்றால் 12 − x. இருந்து ஒட்டியது முன்னால், ஐ ஒட்டியது மைனஸுக்குப் பின்னால். வகுத்தலில் 'ஆல்' ஒட்டியது கீழே போகும்: '4-ஆல் ஓர் எண்ணை வகுக்க' x/4, 'ஓர் எண்ணால் 4-ஐ வகுக்க' 4/x. எந்தச் சொல் முதலில் வருகிறது என்று பார்ப்பவர்கள்தான் தப்புகிறார்கள். தமிழில் சொல் இடம் மாறலாம், உருபு மாறாது.

அடைப்பு எங்கே என்பதை 'இன்' சொல்லும். 'ஓர் எண்ணின் 3 மடங்கை விட 4 குறைவு' என்பது 3x − 4. 'ஓர் எண்ணை விட 4 குறைவான எண்ணின் 3 மடங்கு' என்பது 3(x − 4). 3 மடங்குக்கு முன்னால் நிற்கும் 'இன்' எதோடு ஒட்டியிருக்கிறதோ அது முழுவதும் அடைப்புக்குள்.

வயதுக் கணக்கில் விடையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்பாவின் வயது மகன் வயதைப் போல் 4 மடங்கு; 5 வருஷம் கழித்து 3 மடங்காகும். மகன் x, அப்பா 4x. 4x + 5 = 3(x + 5), x = 10, அப்பாவுக்கு 40. மகனுக்கு 0 வயது வந்தால் அடைப்பைப் போடாமல் 3x + 5 எழுதியிருக்கிறீர்கள். −5 வந்தால் மகனுக்கு 5 வருஷம் கூட்டவில்லை. 15 வந்தால் அப்பாவுக்குக் கூட்டவில்லை. காலம் போனால் வீட்டில் எல்லாருக்கும் வயது போகும்.

முதலமடைத் தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றுகிறார்கள்: 20 கிலோ பெட்டியும் 10 கிலோ பெட்டியுமாக மொத்தம் 50, எடை 860 கிலோ. 20x + 10(50 − x) = 860, x = 36. பெரிய பெட்டி 36, சிறியது 14. பெட்டி எண்ணிக்கை 18.9 என்று தசமத்தில் வந்தால், 10 × 50 − x என்று எழுதி 19x = 360-க்குப் போயிருக்கிறீர்கள். பெட்டி, ஆள், பஸ் டிக்கெட் எல்லாம் தசமத்தில் வந்தால் உடனே நில்லுங்கள்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வு 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளை வாசிக்க 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். அந்த 15 நிமிடத்தை வாக்கியக் கணக்குக்குக் கொடுங்கள். எது x என்பதை மட்டும் மனதில் முடிவு செய்துகொண்டால் போதும்.

அறிகுறி: ஒரு மூலம் மட்டும் பொருந்தவில்லை, ஆனால் வரிகளில் பிழையே இல்லை

√(x + 6) = x. வர்க்கப்படுத்த x² − x − 6 = 0, மூலங்கள் 3, −2. 3 பொருந்தும், −2 போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்து வேண்டாத விருந்தாளி உள்ளே வந்துவிட்டது. −2-ஐப் போட்டுப் பார்த்ததைக் காட்டி, விடையிலிருந்து நீக்கி எழுதுங்கள்.

அறிகுறி: விடை சரி, மதிப்பெண் குறைகிறது

3x + 6 = 21 = 15 = 5 என்று ஒரே வரியில் சங்கிலி போட்டிருப்பீர்கள். 21-உம் 15-உம் எப்போது சமமாயின? சமக்குறியை 1557இல் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளை விடச் சமமானது வேறெதுவும் இல்லை என்பதால்தான் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை 'அடுத்து இது' என்ற பொருளில் பயன்படுத்தக் கூடாது. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, ஒன்றன்கீழ் ஒன்றாக:

3x + 6 = 21
3x = 15
x = 5

அசமன்பாட்டில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. −2x < 8-ஐ −2-ஆல் வகுத்தால் குறி திரும்பும், x > −4. நம்பிக்கை இல்லையென்றால் x = 0 போட்டுப் பாருங்கள். 0 < 8 சரி, ஆகவே 0 விடைக்குள் இருக்க வேண்டும். x < −4 என்று எழுதியிருந்தால் 0 வெளியே நிற்கும்.